ஏர் டெம்பரேச்சர் சென்சார் கோளாறா? புதிது வாங்கும் முன் ஒரு ராத்திரி பொறுங்கள்

பெங்களூரில் ஜூலை மாதம் ஒரு காலையில், எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நின்ற என் பெட்ரோல் கார், தனக்குள் வரும் காற்று மைனஸ் 40 டிகிரி குளிரில் இருப்பதாக போன் திரையில் காட்டியது. வெளியே 21 டிகிரி. முந்தின நாள் மாலையே மீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கு வந்துவிட்டது. காலையில் செல்ஃப் கொஞ்சம் நீளமாக அடித்த பிறகுதான் ஸ்டார்ட் ஆனது, ஐட்லிங்கில் லேசான நடுக்கம், பின்பக்கம் போய் நின்றால் பெட்ரோல் வாசனை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிய பையன் அரை நிமிடத்தில் "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். சென்சார் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் போகும் இரண்டு வயரில் ஒன்றை எலி கடித்து வைத்திருந்தது.

அதற்கப்புறம் நண்பர்கள், கீழ் வீட்டு அக்கா, கூட வேலை பார்ப்பவர்கள் என்று ஐந்தாறு வண்டிகளில் இதே கோளாறைப் பார்த்துவிட்டேன். உண்மையிலேயே சென்சார் கெட்டுப்போயிருந்தது இரண்டில்தான். மற்றவற்றில் வயர், கனெக்டர், ஒன்றில் சர்வீஸ் முடித்தவர்கள் மாட்ட மறந்த ஒரு ரப்பர் குழாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தச் சென்சாரைச் சோதிக்க பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், ஒரு மல்டிமீட்டரும் காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும் ஒரு சின்ன ப்ளூடூத் ஓ.பி.டி அடாப்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும், ஆனால் வரிசை மாறாமல் பார்க்க வேண்டும்.

முதலில் எந்தச் சென்சார் என்று தெளிவாகிவிடுவோம், ஏனென்றால் இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். காரில் "டெம்பரேச்சர் சென்சார்" என்று சொல்லக்கூடியவை குறைந்தது மூன்று உண்டு. என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டின் சூட்டைப் பார்ப்பது ஒன்று. முன் பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்து, வெளியே எத்தனை டிகிரி என்று டாஷ்போர்டுக்குச் சொல்வது இன்னொன்று. நாம் பேசுவது மூன்றாவது: என்ஜின் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டைப் பார்க்கும் இன்டேக் ஏர் டெம்பரேச்சர் சென்சார், சுருக்கமாக ஐ.ஏ.டி. கீழ் வீட்டு அக்காவின் வண்டியில் ஐ.ஏ.டி கோடு, அதாவது காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண், வந்தபோது ஓர் இடத்தில் கூலன்ட் சென்சாரை மாற்றி பில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், விளக்கு மறுநாளே திரும்ப வந்தது. "டெம்பரேச்சர் சென்சார்தானே தம்பி மாத்தினாங்க?" என்று அவர் கேட்டார். பெயர் ஒன்றாக இருப்பதில் வந்த வினை அது.

உள்ளே இருப்பது மிக எளிமையான பொருள். சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர், மிளகு அளவுதான் இருக்கும். என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை அதற்கு அனுப்பி, நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. காற்று குளிர்ந்தால் வோல்ட் ஏறும், சூடானால் இறங்கும். இந்த ஒரு வரி மனதில் நின்றால் மீதியெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். வயர் அறுந்துவிட்டால் முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும், இ.சி.யூ அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். ஓ.பி.டி முறையில் இந்த அளவு ஒரே பைட்டில், 0 முதல் 255 வரையான எண்ணாக வருகிறது, அதிலிருந்து 40-ஐக் கழித்தால் டிகிரி, எனவே அதில் காட்டக்கூடிய மிகக் குறைந்த எண் மைனஸ் 40. என் பேஸ்மென்டுக்கு வந்த துருவக் குளிருக்கு இதுதான் காரணம். இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ சிக்னல் வயர் பாடியில் பட்டாலோ வோல்ட் பூஜ்ஜியத்துக்கு இறங்கும், அப்போது 120, 140 என்று கொதிக்கும் எண் வரும்.

இது தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்? குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆக்ஸிஜன் அதிகம், அதற்கேற்ப பெட்ரோலும் அதிகம் வேண்டும். உண்மையில் 27 டிகிரியில் இருக்கும் காற்றை மைனஸ் 40 என்று நம்பினால், காற்று கிட்டத்தட்ட 29 சதவீதம் அதிக அடர்த்தி என்று கணக்கு வரும், அத்தனை பெட்ரோலை அது கூடுதலாக ஊற்றப் பார்க்கும். நடைமுறையில் அவ்வளவு மோசமாகாது. பல இ.சி.யூக்கள் கோளாறைக் கண்டதும் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு பொதுவான வெப்பநிலையை வைத்து ஓட்டும், ஆக்ஸிஜன் சென்சாரும் என்ஜின் சூடான பிறகு தவறைத் திருத்தும். அதனால்தான் அறிகுறிகள் பெரும்பாலும் காலை முதல் ஸ்டார்ட்டில் தெரிந்து, இரண்டு கிலோமீட்டர் போனதும் மறைந்துவிடுகின்றன. மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த்தொகுதி, அதன் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டிகளில் பாதிப்பு அதிகம். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் வைத்து காற்றின் எடையை நேரடியாக அளக்கும் வண்டிகளில் குறைவு. எண் அதிகச் சூடாகக் காட்டினால் கதை மாறும், பெட்ரோல் குறையும், நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வரக்கூடாது என்று இக்னிஷன் டைமிங்கையும் பின்னுக்கு இழுத்துவிடும், ஏற்றத்தில் வண்டி சோம்பலாகத் தெரியும்.

ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: விளக்கு அசையாமல் எரிந்து, வண்டி சாதாரணமாக ஓடினால் ஓரிரு நாள் ஓட்டலாம். வாரக்கணக்கில் விடாதீர்கள். பெட்ரோல் அதிகமாகப் போய்க்கொண்டே இருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கெடும், அதன் விலைக்கு இந்தச் சென்சார் ஒன்றுமே இல்லை. அதைவிட முக்கியம், விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் நாளை வேறொரு கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. விளக்கு மின்னினால் அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத விஷயம், ஓரமாக நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கோடு என்ன சொல்கிறது

அடாப்டரை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் மாட்டி, டார்க் (Torque) அல்லது கார் ஸ்கேனர் போன்ற ஆப் ஒன்றில் இணைத்துக்கொள்ளுங்கள். கோடை உடனே அழித்துவிடாதீர்கள், பலர் செய்யும் தவறு அது. அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பக்கம் இருக்கும், விளக்கு வந்த அந்தக் கணத்தில் வேகம், கூலன்ட் சூடு, என்ஜின் சுழற்சி எல்லாம் பதிவாகியிருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பி0113 என்றால் வோல்ட் அதிகம், அதாவது எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. பி0112 என்றால் வோல்ட் குறைவு, ஷார்ட். பி0114 வந்து வந்து போகும் கோளாறு, ஏறக்குறைய எப்போதும் கனெக்டர் அல்லது வயர்தான். பி0110 பொதுவாக சர்க்யூட்டில் பிரச்சினை என்று மட்டும் சொல்லும். பி0111 மட்டும் கொஞ்சம் வேறு ரகம்: வயர் எல்லாம் சரி, ஆனால் வரும் எண் நம்பும்படி இல்லை என்கிறது இ.சி.யூ. இந்த ஒன்றில்தான் சென்சார் மேல் எனக்கு முதல் சந்தேகம் வரும்.

கூடவே கூலன்ட் சென்சாருக்கான பி0118-ம் வந்திருந்தால், இரண்டு சென்சாரும் ஒரே நாளில் செத்துவிட்டன என்று நம்பாதீர்கள். இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு வயர் எங்காவது விட்டிருக்கும்.

ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு காலையில் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, காசு செலவில்லை, எதையும் கழற்ற வேண்டாம். வண்டியைக் குறைந்தது எட்டு மணி நேரம் நிழலில் நிற்க விடுங்கள், பேஸ்மென்ட் பார்க்கிங் இருந்தால் ரொம்ப நல்லது. காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு தடவை அழுத்தினால் பெரும்பாலான வண்டிகளில் அதே நிலை வரும். இப்போது ஆப்பில் ஐ.ஏ.டியையும் கூலன்ட் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் எல்லாமே ஒரே சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். பேஸ்மென்டில் 22 டிகிரி என்றால் இரண்டும் 22-ஐ ஒட்டி, மூன்று நான்கு டிகிரி முன்பின் இருக்கலாம். கூலன்ட் 23, ஐ.ஏ.டி 41 என்று வந்தால் ஐ.ஏ.டி பொய் சொல்கிறது. ஐ.ஏ.டி 22, கூலன்ட் 38 என்றால் நீங்கள் தேட வேண்டிய இடமே வேறு. இரண்டும் ஒத்துப்போய் அறையின் சூட்டோடும் பொருந்தினால் சென்சார் அந்த நிமிடத்தில் சரியாக வேலை செய்கிறது, கோளாறு வந்து போகும் வகை. வெயிலில் நின்ற வண்டியில் இதைச் செய்யாதீர்கள், பானெட்டுக்கு அடியில் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும்.

சாவி ஆன், என்ஜின் ஆஃப் என்ற இதே நிலையில் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், பல வண்டிகளில் அழுத்தமும் காற்றின் சூடும் ஒரே சென்சாருக்குள்தான் இருக்கின்றன, டி-மேப் என்பார்கள், நான்கு பின் இருக்கும். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருப்பதால் இங்கே 91 கிலோபாஸ்கல் அளவில்தான் காட்டும். சென்னையில் 101 பார்த்துப் பழகிய என் மச்சான் இங்கே வந்து 91-ஐப் பார்த்ததும் அந்தச் சென்சாரும் போய்விட்டது என்று பயந்துவிட்டார். அது ஊரின் உயரம், கோளாறு கிடையாது.

அடுத்து ஓட்டிப் பார்ப்பது. சில்க் போர்டு சிக்னலில் இருபது நிமிடம் நின்றால் ஐ.ஏ.டி 55, 60 வரைகூட ஏறும், என்ஜின் தன் சூட்டையே தான் சுவாசிக்கிறது, அதைப் பார்த்துச் சென்சார் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். அங்கிருந்து ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி ஒரே வேகத்தில் போகும்போது என்ன ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் சிக்னல் இல்லாத பாலம், இந்தச் சோதனைக்கென்றே கட்டியதுபோல இருக்கும். நல்ல சென்சார் என்றால் சில நிமிடங்களில் எண் இறங்கி, வெளிச்சூட்டைவிட ஐந்து முதல் பதினைந்து டிகிரி கூடுதலில் நிற்கும். இறங்காமல் 60-லேயே நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சென்சார் மரத்துப்போயிருக்கிறது. இன்னொன்று, முன் கிரில்லிலிருந்து ஃபில்டர் பாக்ஸுக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாய் கழன்றிருக்கிறது, என்ஜின் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே இழுக்கிறது. நான் மேலே சொன்ன ரப்பர் குழாய் கதை இதுதான். ஃபில்டர் மாற்றியவர் குழாயைத் திரும்பச் சொருகவே இல்லை. சென்சார் பாவம், உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் ஓட்டுபவர் பார்க்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுங்கள்.

பானெட்டைத் திறந்து

என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவியை எடுத்துவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் தானாகவே சுற்றும், துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எல்லாம் பத்திரம்.

சென்சார் இருக்கக்கூடிய இடங்கள் நான்கு: ஏர் ஃபில்டர் பாக்ஸ், அதிலிருந்து காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடிக்குப் போகும் கறுப்புக் குழாய், இன்டேக் மேனிஃபோல்டு, அல்லது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்குள்ளேயே. இரண்டு பின் மட்டும் இருந்தால் தனிச் சென்சார், உங்களுக்கு வேலை சுலபம். நான்கு என்றால் பெரும்பாலும் டி-மேப், ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் ஏர்ஃப்ளோவோடு சேர்ந்தது. டர்போ வண்டிகளில், முக்கியமாக டீசலில், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு அப்புறம் இன்னொரு வெப்பச் சென்சார் இருக்கும், கோடு எதைக் குறிக்கிறது என்று உறுதி செய்துகொண்டு கை வையுங்கள்.

கனெக்டரைக் கழற்றும் முன் வயரைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் விரலால் தடவிப் பாருங்கள். என் வண்டியில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கறுப்பு நெளிகுழாய்க்குள் போகும் வயரை விரலால் நீவிக்கொண்டே போனபோது, ஃபில்டர் பாக்ஸுக்கு அடியில் ஓரிடத்தில் சொரசொரவென்று தட்டுப்பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் உறை உளி வைத்துச் செதுக்கியதுபோல இரண்டிரண்டு கோடாகக் கடிபட்டு, உள்ளே செம்பு இழைகள் துடைப்பம்போல விரிந்து நிற்கின்றன. பக்கத்தில் கறுப்பாக நாலைந்து புழுக்கைகள், யாரோ வீட்டுக் கொய்யாப்பழத்தின் கொட்டைகள். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு "இலி" என்றார். கன்னடத்தில் எலிக்கு அதுதான் பெயர், மொழிபெயர்க்கவே தேவையில்லை.

மழைக்காலத்தில் பேஸ்மென்டில் தண்ணீர் புகும் கட்டடங்களில் எலிகள் சூடும் காய்ந்த இடமும் தேடி பானெட்டுக்குள் ஏறிவிடுகின்றன. இந்த ஊரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் நான் முதலில் தேடுவது பல் தடத்தைத்தான்.

கனெக்டரைக் கழற்ற லாக்கை அழுத்திக்கொண்டு கனெக்டர் உடலைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். பழைய வண்டிகளில் லாக் பிளாஸ்டிக் பிஸ்கட்போல உடையும், மெதுவாக. உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா, ஏதாவது பின் உள்ளே போய்விட்டதா, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, நான்கைந்து முறை சொருகிக் கழற்றுங்கள். பாதிக் கோளாறுகள் இந்த இடத்திலேயே தீர்ந்துபோகும்.

மீட்டர் வைத்து

மல்டிமீட்டர் இல்லையென்றால் பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரண டிஜிட்டல் மீட்டரே இதற்குப் போதும். அப்படியே 2.2 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர் நான்கைந்து கேட்டு வாங்குங்கள், சில்லறைக் காசுதான் ஆகும், எதற்கென்று சொல்கிறேன்.

மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, கழற்றிய சென்சாரின் இரண்டு பின்னில் தொடுங்கள். பரவலாக இருக்கும் வகைச் சென்சார்கள் 20 டிகிரியில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 40 டிகிரியில் ஒரு கிலோ ஓமுக்குச் சற்று மேல், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் காட்டும். சில வண்டிகளில் இந்த அளவுகள் வேறு, சர்வீஸ் மேனுவலில் உங்கள் வண்டிக்கான அட்டவணை இருக்கும், அதுதான் முடிவானது. மீட்டரில் எண்ணே வராமல் திறந்த நிலை காட்டினால் சென்சார் அவுட். பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினாலும் அவுட்.

ஒரு எண்ணை மட்டும் பார்த்து விட்டுவிடாமல் அதை அசைத்துப் பார்க்க வேண்டும். ஹேர் டிரையரைக் கொஞ்ச தூரத்தில் பிடித்து மெதுவாகச் சூடேற்றுங்கள். எண் வழுக்கிக்கொண்டு இறங்குவதுபோல, நிற்காமல், துள்ளாமல் குறைய வேண்டும். டிரையரை நிறுத்தினால் அதே மாதிரி ஏற வேண்டும். நடுவில் எங்காவது சட்டென்று குதித்தாலோ, ஒரே இடத்தில் சிக்கி நின்றாலோ அந்தச் சென்சாரை நம்பாதீர்கள். குளிர்ப்பக்கம் பார்க்க, மெல்லிய பிளாஸ்டிக் கவரில் முனையைச் சுற்றி ஐஸ் தண்ணீர் டம்ளரில் ஐந்து நிமிடம் வையுங்கள், ஐந்து ஆறு கிலோ ஓம் பக்கம் ஏறும். தண்ணீரில் நேரடியாக முக்க வேண்டாம், ஏர்ஃப்ளோ சென்சாரோடு சேர்ந்ததாக இருந்தால் இந்தத் தண்ணீர் வேலையே வேண்டாம்.

சென்சார் தேறிவிட்டதா? இனி வயர். கனெக்டர் கழன்றே இருக்கட்டும், சாவியை ஆன் செய்து, மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, வயர் பக்கக் கனெக்டரில் இரண்டு பின்னுக்கு நடுவே பாருங்கள். 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வரவில்லை என்றால், மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து மறுபடி பாருங்கள். இப்போது 5 வந்தால் சிக்னல் வயர் நல்லது, கிரவுண்டு வயர்தான் விட்டிருக்கிறது. இப்போதும் வராவிட்டால் சிக்னல் வயர். என் வண்டியில் கடிபட்டது கிரவுண்டு வயர், இந்த ஒரு சோதனையில் இரண்டு நிமிடத்தில் பிடிபட்டது.

இப்போது அந்த ரெசிஸ்டர். கனெக்டர் கழன்றிருக்கும்போது ஆப் மைனஸ் 40 காட்ட வேண்டும். பின்களுக்கு நடுவே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரின் கால்களைச் செருகினால், அந்தப் பரவலான வகை வண்டிகளில் எண் ஏறி 20-25 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். வந்துவிட்டால் வயரும் இ.சி.யூவும் முழு ஆரோக்கியம், மின்தடைச் சோதனையில் சென்சார் தேறாமல் இருந்தால் குற்றவாளி அதுதான் என்று கையெழுத்துப் போட்டே சொல்லலாம். பல வீடியோக்களில் ரெசிஸ்டருக்குப் பதில் வெறும் வயரால் இரண்டு பின்னையும் ஷார்ட் செய்யச் சொல்வார்கள். இரண்டு பின் சென்சாரில் அது வேலை செய்யும், எண் உச்சிக்கு ஏறும். நான்கு பின் டி-மேப்பில் பின் மாறிப்போனால் மற்ற சென்சார்களுக்கும் போகும் 5 வோல்ட்டை ஷார்ட் செய்துவிடுவீர்கள், அதற்குத்தான் ரெசிஸ்டர், அதன் வழியே இரண்டரை மில்லி ஆம்பியர்கூட ஓடாது. ஐந்து பின் ஏர்ஃப்ளோ கனெக்டரில் ஒரு பின்னில் 12 வோல்ட் இருக்கும், வயரிங் படம் கையில் இல்லாமல் அங்கே எதையும் செருக வேண்டாம். சில இ.சி.யூக்கள் கோளாறு பதிவானதும் மைனஸ் 40-க்குப் பதில் தன் கையிருப்பு எண்ணைக் காட்டும், அப்படி இருந்தால் கோடை அழித்துவிட்டு சாவியை ஆன் செய்த முதல் சில நொடிகளைக் கவனியுங்கள்.

வந்து வந்து போகும் கோளாறுக்கு வேறு வழி. எல்லாவற்றையும் மாட்டி, என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஆப்பில் ஐ.ஏ.டியை கிராஃபாக வைத்துக்கொண்டு, ஒருவர் திரையைப் பார்க்க இன்னொருவர் வயரை ஓடும் பெல்ட்டுக்கு எட்டாத இடத்தில் மெதுவாக ஆட்டுங்கள். கிராஃபில் 45-ல் இருக்கும் வரைகோடு சட்டென்று மைனஸ் 40-க்கு விழுந்து திரும்ப வந்தால் கை இருந்த இடம்தான் கோளாறு. எந்தக் காற்றும் ஒரு நொடியில் 85 டிகிரி குளிராது.

சரி செய்வது

வயர் என்றால் முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள், மூன்று மாதத்தில் ஈரம் ஏறி அதே விளக்கு வரும். கடிபட்ட துண்டை வெட்டி எடுத்து, அதே தடிமன் வயரைச் சேர்த்து, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். சால்டர் பழக்கம் இல்லையென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள், ஸ்ரீராமபுரத்தில் எனக்குத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்தார், "எலி கடிச்ச ஒரு இடம் தெரிஞ்சா தெரியாத இடம் இன்னொன்னு இருக்கும்ண்ணா" என்று சொல்லி ஒரு அடி தள்ளி இன்னொரு கடியையும் கண்டுபிடித்தார். வண்டி வாரன்டியில் இருந்தால் நீங்களாக எதையும் வெட்ட வேண்டாம்.

சென்சார் அழுக்கேறி மெதுவாக வேலை செய்தால் மாற்றும் முன் கழுவிப் பாருங்கள். மேனிஃபோல்டில் இருப்பவற்றில் எண்ணெயும் கரியும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டியிருக்கும். எம்.ஏ.எஃப் (மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்கான) கிளீனர் அடித்து, துணியோ பிரஷ்ஷோ படாமல், கால் மணி நேரம் தானாகக் காயவிட்டு மாட்டுங்கள். கார்ப்பரேட்டர் கிளீனரை இதில் அடிக்கவே கூடாது, ஏர்ஃப்ளோ சென்சாரின் நுண்ணிய சூட்டுக் கம்பியைக் கெடுத்துவிடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போங்கள், மீட்டரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "மாடல் சொல்லுங்க, எடுத்துத் தரேன்" என்பார்கள். மாடல் பெயரை நம்பாமல் நம்பரை ஒப்பிடுங்கள், ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் மாறும். பெட்டியைப் பிரித்ததும் கடை வாசலிலேயே மின்தடையைப் பாருங்கள். எந்த இரண்டு பின் என்பது பழையதைச் சோதித்தபோதே தெரிந்திருக்கும். முனை திறந்திருக்கும் தனிச் சென்சார் என்றால் இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொள்ளுங்கள், உடல் சூட்டுக்கே எண் மெல்ல இறங்குவது மீட்டரில் தெரியும். இறங்காத சென்சாரைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், நான் ஒரு தடவை கொடுத்திருக்கிறேன், அவரும் மறுபேச்சு இல்லாமல் வேறு எடுத்துக் கொடுத்தார்.

மாட்டும்போது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவி நேராக அழுத்துங்கள். திருகு பிளாஸ்டிக்கில் இறங்குகிறது, முழு பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், அப்புறம் அந்த இடுக்கில் காற்று புகுந்து புதிய கோடு வரும்.

இப்போது கோடை அழியுங்கள். மறுபடி ஒரு ராத்திரி வண்டியை ஆறவிட்டு, காலையில் ஐ.ஏ.டியும் கூலன்ட்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மூன்று நான்கு நாள் வழக்கமாக ஓட்டிவிட்டு லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்மைப் பாருங்கள். கோளாறு இருந்தபோது என் வண்டியில் அது மைனஸ் 14 வரை போயிருந்தது, அதாவது அதிகமாக ஊற்றிய பெட்ரோலை இ.சி.யூ அத்தனை சதவீதம் குறைத்துக்கொண்டிருந்தது. வயரைச் சரிசெய்த நான்காம் நாள் மைனஸ் 2. பிளஸ்ஸோ மைனஸோ, பத்துக்குள் நின்றால் பொதுவாகச் சரி.

ஹார்னஸ் (வயர்க்கட்டு) போகும் வழியில் இப்போது மெல்லிய கம்பி வலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைதோறும் பானெட்டைத் திறந்து ஃபில்டர் பாக்ஸுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், போன வாரம் ஒரு வேர்க்கடலைத் தோல் கிடந்தது, வயரை முழுக்க ஒரு தடவை விரலால் நீவிப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.